தகப்பன் வீட்டை விற்கிற உக்கிராணக்காரன்



இந்த மாதம் நாம் தியானிக்கப்போகிற காரியம் ஜெபக்கூட்டங்களில் அதிகமாய்ப் பேசப்படுவதில்லை. ஆனாலும் அநேக விசுவாசிகளின் குடும்பங்களில் மரணத்தைவிட அதிகக் கண்ணீரை அது வரவழைத்திருக்கிறது. பெற்றோர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின் அவர்கள் விட்டுச்சென்ற வீட்டை விற்றுப் பிள்ளைகளுக்குள் பகிர்ந்துகொடுப்பதே அந்தக் காரியம்.

உங்கள் தகப்பனார் பிழைப்புக்காகத் திருப்பதிக்கு வந்து, பாடுபட்டு, ஒரு மனை வாங்கி வீடு கட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சென்னையிலும், உங்கள் தம்பி பெங்களூரிலும் இருக்கிறீர்கள். தங்கை மாத்திரம் திருப்பதியிலே தகப்பனோடு இருந்து, கடைசி நாள்வரை அவருக்குக் கஞ்சி காய்ச்சிக்கொடுத்தாள். தகப்பனார் உயில் எழுதி, "வீட்டை விற்று மூவரும் சமமாய் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, அதை நிறைவேற்றும் பொறுப்பை மூத்தவராகிய உங்கள்மேல் வைத்துவிட்டார். இந்தப் பொறுப்பாளரைத்தான் நீதிமன்ற வழக்கில் எக்ஸிகியூட்டர் என்கிறார்கள். அடக்க ஆராதனை முடிந்து உறவினர் கலைந்துபோனபின், சாவிக்கொத்து உங்கள் கையில் இருக்கிறது. இப்பொழுது நீங்கள் யார்?

சாவி உண்டு, சொந்தம் இல்லை

வேதத்தில் உக்கிராணக்காரன் என்றொரு வார்த்தை நமக்குப் பழக்கமானது. எஜமானுடைய பொருளெல்லாம் அவன் கையில் இருக்கும், ஒன்றும் அவனுடையதல்ல. கணக்குக் கேட்கப்படும் நாள் ஒன்று அவனுக்கு உண்டு. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் எக்ஸிகியூட்டரை ஏறக்குறைய இந்த இடத்திலேதான் நிறுத்துகிறது. மரித்தவரின் சொத்து அவரிடத்தில் வந்து சேருகிறது. அதை விற்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்தச் சொத்தை அவரே நேராகவோ, வேறொருவர் பேரிலோ வாங்கிக்கொண்டால், பங்குள்ள எவரும் அந்தக் கிரயத்தைச் செல்லாததாக்கும்படி கேட்கலாம். அவருடைய முறைகேட்டினால் நஷ்டம் வந்தால் அதை அவரே ஈடுசெய்ய வேண்டும்.

ஆகையால், "யாரோ அந்நியருக்குப் போவானேன்? என் மனைவியின் தம்பி பேரில் நானே எடுத்துக்கொள்கிறேன்" என்ற எண்ணம் உங்களுக்கு வந்தால், அதை மறைவில் செய்யாதிருங்கள். வாங்க விருப்பமிருந்தால் மற்ற இருவரிடமும் வெளிப்படையாய்ச் சொல்லி, வெளியாள் ஒருவரைக்கொண்டு மதிப்புப் போட்டு, அவர்களுடைய சம்மதத்தை எழுத்தில் பெற்ற பின்பே அதைச் செய்யலாம்.

உயிலைப்பற்றி ஒரு விளக்கம். முற்காலத்தில் கிறிஸ்தவர் எழுதிய உயிலுக்கு நீதிமன்றத்தில் புரோபேட் பெறாமல் அதன்பேரில் உரிமையை நிலைநாட்ட முடியாதிருந்தது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு இந்தக் கட்டாயத்தை நீக்கிற்று. அதைச் சொன்ன 213-ஆம் பிரிவே 2025 டிசம்பரில் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆகிலும் உடன்பிறந்தவர்களில் ஒருவர் உயிலைச் சந்தேகித்தாலும், வாங்குகிறவரோ அவருக்குக் கடன் கொடுக்கிற வங்கியோ தயங்கினாலும், மாவட்ட நீதிமன்றத்தில் புரோபேட் பெற்றுக்கொள்வது எல்லாருக்கும் பாதுகாப்பு. எல்லாரும் ஒருமனப்பட்டிருந்தால், கிரயப் பத்திரத்தில் மற்ற பிள்ளைகளும் சம்மதித்துக் கையெழுத்திடுவது நல்லது. உயிலே இல்லையென்றால் எக்ஸிகியூட்டரும் இல்லை. அப்பொழுது மூத்தவருக்கென்று தனி அதிகாரம் கிடையாது. வாரிசுகள் அனைவரும் சேர்ந்தே விற்க வேண்டும்.

எந்தச் சட்டம் செல்லும்?

நம் சபைகளில் அநேகர் முதல் தலைமுறை விசுவாசிகள். ஆகவே இந்தப் பகுதியைக் கவனமாய் வாசியுங்கள். எந்த வாரிசுரிமைச் சட்டம் செல்லும் என்பது பிள்ளைகளின் மார்க்கத்தைப் பொறுத்ததல்ல. மரித்தவர் மரிக்கும்போது எந்த மார்க்கத்தாராயிருந்தார் என்பதைப் பொறுத்தது.

தகப்பன் கிறிஸ்தவராய் மரித்தால் 1925-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும். உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாய்ப் போகும். மனைவி முன்னமே மரித்திருந்தால் முழுவதும் பிள்ளைகளுக்கே. விசுவாசத்துக்கு வராத மூத்த அண்ணனுக்கும் அதில் சரிபங்கு உண்டு. "அவன் ஆண்டவரை ஏற்றுக்கொள்ளவில்லையே" என்று அவனைத் தள்ள சட்டத்தில் இடமில்லை. அப்படித் தள்ளுவது நம் சாட்சிக்கும் அழகல்ல.

தகப்பன் இந்துவாய் மரித்தால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் செல்லும். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை அதனால் தன் பங்கை இழப்பதில்லை. "நீ மதம் மாறிவிட்டாய், உனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லப்பட்டு, நியாயமான பங்கை விட்டுவிட்டு வந்தவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். ஆனால் அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவில் ஓர் எச்சரிப்பும் உண்டு. மதம் மாறினவருக்கு, மாறின பின்பு பிறந்த பிள்ளைகள், தங்கள் இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. உதாரணமாக, விசுவாசியான மகன் தன் இந்துத் தகப்பனாருக்கு முன்பே மரித்துப்போனால், பாட்டனார் உயில் எழுதாமல் மரிக்கும்போது அந்தப் பேரப்பிள்ளைகள் வெறுங்கையாய் நிற்க நேரிடலாம். பாட்டனார் தம் சுயசம்பாத்தியத்துக்கு உயில் எழுதி அவர்களுக்குப் பங்கு வைத்தாலோ, இந்தத் தடை இல்லை. உங்கள் பெற்றோர் இன்னும் உயிரோடிருந்தால், இதை அவர்களோடு தாழ்மையாய்ப் பேசுங்கள்.

மகளின் பங்கு

மோசேயின் நாட்களில் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் சபையனைத்துக்கும் முன்பாக வந்து நின்று, தங்கள் தகப்பனுடைய சுதந்தரத்தைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று தீர்க்கப்பட்டது. நம்முடைய தேசத்திலும் நம்முடைய நாட்களில் ஒரு கிறிஸ்தவப் பெண் அப்படி நின்றார். கேரளத்து மேரி ராய் என்பவரே அவர்.

அவருடைய தகப்பனார் உயில் எழுதாமல் மரித்தார். 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தின்படி, மகளுக்குக் கிடைப்பது மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய். இவ்விரண்டில் எது குறைவோ அதுவே. கணவரைப் பிரிந்து இரண்டு பிள்ளைகளோடு வந்த மேரி ராய், உதகமண்டலத்திலிருந்த தகப்பனாரின் வீட்டில் தங்கினார். அந்த வீட்டிலிருந்தும் அவரை வெளியேற்றக் குடும்பத்தார் முற்பட்டார்கள். பிற்பாடு அவர் வழக்குத் தொடுத்தார். 1986 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே அந்தப் பழைய சட்டம் செல்லாது, 1925-ஆம் ஆண்டுச் சட்டமே செல்லும் என்று தீர்ப்பளித்தது. முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்து, 1956 நவம்பர் 1 அன்று நம் மாநிலத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்துக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். ஆனால் தீர்ப்புக்குப் பின்னும் அவருடைய பங்கு கைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் சென்றன. 2022 செப்டம்பர் 1 அன்று அவர் காலமானார்.

ஒரு சகோதரி தன் சொந்த வீட்டாரிடத்தில் பெறவேண்டியதைப் பெற, நீதிமன்றத்தின் படிகளில் வாழ்நாளில் பல ஆண்டுகளைச் செலவழிக்க வேண்டியதாயிற்று. உங்கள் தங்கையை அந்தப் படியில் ஏறவிடாதிருங்கள்.

"அவளுக்குக் கல்யாணத்தில் நாற்பது சவரன் போட்டோமே" என்று நீங்கள் சொல்லக்கூடும். உயில் இல்லாத கிறிஸ்தவக் குடும்பத்தில், பெற்றோர் உயிரோடிருக்கையில் ஒரு பிள்ளையின் வாழ்வுக்காகக் கொடுத்ததைப் பிற்பாடு அந்தப் பிள்ளையின் பங்கிலிருந்து கழிக்கலாகாது என்று சட்டம் சொல்லுகிறது. தம்பியின் என்ஜினீயரிங் படிப்புக்குச் செலவழித்ததை யாரும் கழிக்கிறதில்லையே! அப்படியே, ஒரு பட்டுப்புடவையைக் கொடுத்து, என்னவென்று விளக்காமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது சாமர்த்தியமல்ல, வஞ்சகம்.

திருப்பதி வீட்டின் பத்திரங்கள்

எரேமியா தீர்க்கதரிசி ஆனதோத்திலுள்ள நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கினபோது, சாட்சிகளை வைத்து, முத்திரைபோடப்பட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும் நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார். நம்மில் அநேகருக்கோ தகப்பனாரின் பத்திரம் பீரோவில் இருக்கிறதா, வங்கியில் இருக்கிறதா என்பதே தெரியாது. மேலும், நகரங்களில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தெலுங்கு வாசிக்கத் தெரியாது. சித்தூர் வட்டாரம் ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தில் இருந்து, 1953-இல் ஆந்திரத்தோடு சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லைகள் மறுபடியும் மாற்றப்பட்டன. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆகவே பத்திரத்தில் சித்தூர் மாவட்டம் என்று இருக்கும், இன்றைய அலுவலகம் திருப்பதி மாவட்டத்ததாய் இருக்கும். தெலுங்கு அறிந்த, குடும்பத்தில் யாருக்கும் உறவல்லாத ஒரு வழக்கறிஞரைக்கொண்டு மூலப்பத்திரத்தை வரிக்குவரி வாசிக்கச் செய்து, அதன் சாரத்தைத் தமிழில் எழுதி மூவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பதிக்கென்று விசேஷமான ஒன்றும் உண்டு. நகரிலும் அதைச் சுற்றிலும் திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கும் ஹாதிராம்ஜி மடத்துக்கும் அரசாங்கத்துக்கும் உரிய நிலங்கள் உள்ளன. இப்படிப்பட்ட நிலங்கள் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி தடைப்பட்டியலில் வைக்கப்படுகின்றன. அவற்றின் கிரயத்தைச் சார்பதிவாளர் பதிவுசெய்யமாட்டார். உங்கள் மனையின் சர்வே எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலாவது பாருங்கள். ஏழைகளுக்கு அரசு கொடுத்த பட்டா நிலமாயிருந்தால், 1977-ஆம் ஆண்டின் ஆந்திரச் சட்டம் அதன் விற்பனைக்குத் தடைகளை வைத்திருக்கிறது. பிற்காலத் திருத்தங்களையும் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், குடும்ப உறுப்பினர் சான்றிதழ், வீட்டுவரி ரசீது ஆகியவற்றை, வாங்குகிறவர் கேட்கும் முன்பே சேர்த்துவைத்து, எல்லாவற்றிற்கும் நகல் எடுத்து மற்ற இருவருக்கும் கொடுத்துவிடுங்கள்.

விலை வெளிச்சத்தில் இருக்கட்டும்

ஆபிரகாம் தன் மனைவியை அடக்கம்பண்ண மக்பேலா குகையை வாங்கினபோது, ஏத்தின் புத்திரர் கேட்க, ஊர்வாசலில், நானூறு சேக்கல் வெள்ளியை நிறுத்துக்கொடுத்தார். துக்கத்தின் நேரத்திலும் விலை மறைவாய்ப் பேசப்படவில்லை.

இந்நாட்களில் தரகர் உங்களிடம் தனியாய் வந்து, "பத்திரத்தில் பாதி, கையில் பாதி" என்பார். அதற்கு இணங்காதிருங்கள். நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாய் வாங்குவதை வருமானவரிச் சட்டம் தடைசெய்கிறது. வாங்கினால் அதே அளவு தொகையை அபராதமாய்க் கட்ட நேரிடும். இதனிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கையில் வாங்கின பாதி எவ்வளவு என்பதை உங்கள் தம்பியும் தங்கையும் உங்கள் வாய்ச்சொல்லை மாத்திரமே நம்பவேண்டியதாகும். அங்கேதான் சந்தேகத்தின் விதை விழுகிறது. தகப்பனாரின் சொத்துக்கென்று தனியான ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து, முன்பணம் முதல் கடைசித் தொகைவரை அதன் வழியாகவே வரட்டும்.

வரியைக்குறித்துச் சுருக்கமாய்ச் சொல்லுகிறேன். வீடு சுதந்தரமாய் வருவதற்கு மரணவரி இல்லை. அது 1985-இலேயே நீக்கப்பட்டது. விற்கும்போது வரும் ஆதாயத்துக்கு மாத்திரம் வரி உண்டு. தகப்பனார் வாங்கின விலையே உங்களுக்கும் வாங்கின விலையாகக் கொள்ளப்படும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியதானால் அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். கிரயம் 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஆனால், வாங்குகிறவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்டவேண்டும்; பங்காளிகளில் ஒருவர் வெளிநாட்டில் குடியிருப்பவரானால் பிடித்தம் வேறு, அதிகமும் ஆகும். பங்கிடுவதற்கு முன்பே ஆடிட்டரைக் கண்டு, வரிக்கான தொகையை ஒதுக்கிவைத்துவிடுங்கள்.

முதலாவது கடன், பின்பு பங்கு

பணம் கைக்கு வந்தவுடனே மூன்றாய் வகுத்துவிடாதிருங்கள். சட்டம் ஒரு வரிசையை வைத்திருக்கிறது. முதலாவது அடக்கச் செலவும், கடைசி நோயின் மருத்துவச் செலவும். அடுத்தது நீதிமன்றச் செலவு. அதற்கடுத்தது, மரித்தவருக்கு அவருடைய கடைசி மூன்று மாதங்களில் வேலைசெய்தவர்களுக்குச் செல்லவேண்டிய கூலி. பின்பு மற்றக் கடன்கள். இவை யாவும் தீர்ந்த பின்பே பிள்ளைகளுக்குப் பங்கு.

இந்த வரிசையைச் சற்று நின்று பாருங்கள். பாத்திரம் தேய்த்த வேலைக்காரியின் கூலிப்பாக்கி, வங்கிக் கடனுக்கும் முந்தி நிற்கிறது. நம்முடைய பங்குக்கும் முந்தி நிற்கிறது. வேலூர் ஆஸ்பத்திரிக்கு அப்பாவை அழைத்துப்போன ஆட்டோக்காரருக்கும், இரவில் துணையிருந்த பெண்ணுக்கும் பாக்கி உண்டா என்று விசாரித்து, முதலாவது அதைக் கொடுத்துவிடுங்கள்.

தயவு உன் பங்கிலிருந்து வரட்டும்

இப்பொழுது, தகப்பனோடிருந்த தங்கையின் காரியத்துக்கு வருவோம். வீட்டை விற்றால் அவள் வாடகை வீட்டுக்குப் போகவேண்டும். பத்து வருஷம் அவள் செய்த பணிவிடைக்கு உயிலில் தனிப் பங்கு இல்லை. சட்டமும் அதற்கென்று ஒன்றும் கூட்டிக்கொடுப்பதில்லை. உங்கள் மனசாட்சியோ வருந்துகிறது. ஒருவேளை, "நான்தானே பொறுப்பாளன், அவளுக்கு ஐந்து லட்சம் அதிகமாய் எழுதிவிடுகிறேன்" என்று நினைப்பீர்கள்.

அங்கேதான் நல்ல மனுஷரும் இடறுகிறார்கள். அந்த ஐந்து லட்சத்தில் பெங்களூரிலிருக்கிற தம்பியின் பணமும் கலந்திருக்கிறது. அவனுடைய பணத்தைக்கொண்டு நீங்கள் தயாளராக முடியாது. பொறுப்பாளராய் நீங்கள் செய்யவேண்டியது நியாயம். மூவருக்கும் ஒரு ரூபாய் பிசகாமல் பகிர்ந்துகொடுங்கள். அதன்பின்பு, அண்ணனாய், உங்கள் பங்கிலிருந்து தங்கைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள். தம்பியிடமும் பேசுங்கள், அவன் மனதார இசைந்தால் அவனும் கொடுக்கட்டும், இசையாவிட்டால் அவனைக் கடிந்துகொள்ளாதிருங்கள். வீடு காலிசெய்ய அவளுக்குப் போதிய தவணை கொடுக்கும்படி வாங்குகிறவரோடு ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

காணிக்கையும் இப்படித்தான். ஓர் ஊழியக்காரனாய் இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை: பங்கிடாத பணத்திலிருந்து சபைக்குக் காணிக்கை எடுக்காதிருங்கள், எந்தப் போதகர் கேட்டாலும் கொடாதிருங்கள். தகப்பனார் தம் உயிலில் சபைக்கு எழுதியிருந்தால் அது வேறு. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் தர்மத்துக்கும் தேவபணிக்கும் உயில் எழுதுவதைக் கட்டுப்படுத்தியிருந்த 118-ஆம் பிரிவை, ஜான் வல்லமட்டம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003 ஜூலையில் செல்லாததாக்கிவிட்டது. உயிலில் இல்லாததை நீங்கள் கூட்டிச்சேர்க்கக் கூடாது. அர்வனாவின் களத்தைத் தாவீது ராஜா சும்மா பெற்றுக்கொள்ளாமல், ஐம்பது சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கின பின்பே அங்கே பலியிட்டார். தனக்கு ஒன்றும் செலவில்லாததை அவர் செலுத்தவில்லை. உங்கள் பங்கு உங்கள் கைக்கு வந்தபின் அதிலிருந்து செலுத்துங்கள்; அது சுகந்த வாசனையாயிருக்கும்.

கேட்குமுன் கணக்கு

பிரியமானவர்களே, வரவையும் செலவையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, ரசீதுகளை ஒட்டி, மாதம் ஒருமுறை மற்ற இருவருக்கும் அனுப்புங்கள். உயிலில் சொன்ன பங்கைக் கொடுக்க மரணநாளிலிருந்து ஒரு வருஷம்வரை சட்டம் தவணை தருகிறது. கணக்குக் காட்ட அத்தனை நாள் காத்திராதிருங்கள். கேட்டபின் காட்டுகிற கணக்கு பதிலாய்ப்போகும். கேட்குமுன் காட்டுகிற கணக்கோ சமாதானத்தைக் காக்கும். விலைபோகாத பொருள்களையும் அற்பமாய் எண்ணாதிருங்கள். அம்மாவின் வேதபுத்தகம், அப்பாவின் கைக்கடிகாரம், சுவரிலிருந்த குடும்பப் படம் ஆகியவற்றை மூவரும் கூடியிருக்கும்போது பகிர்ந்துகொள்ளுங்கள். வீட்டுக்காகச் சண்டையிடாதவர்கள் ஒரு பித்தளைக் குத்துவிளக்குக்காகப் பேசாமற்போனதை நான் கண்டிருக்கிறேன்.

இதை வாசிக்கிற தகப்பன்மார்களே, தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நல்ல சுயபுத்தியோடிருக்கும்போதே உயிலை எழுதிவையுங்கள். சாட்சிகள் இருவர் கையெழுத்திட வேண்டும்; பங்கு பெறுகிறவரையோ அவருடைய மனைவியையோ கணவரையோ சாட்சியாக வைக்காதிருங்கள், வைத்தால் அவருக்கு எழுதினது செல்லாமற்போகும். உயில் எழுதினபின் கிறிஸ்தவர் விவாகம்செய்தால் பழைய உயில் ரத்தாகும், புதிதாய் எழுதவேண்டும். உங்களுக்குப் பணிவிடை செய்கிற பிள்ளைக்கு அதிகமாய்க் கொடுக்க மனதிருந்தால், அதை நீங்களே எழுதிவிடுங்கள். நீங்கள் போனபின் மூத்தவன் தலையில் அந்தப் பாரத்தை வைக்காதிருங்கள்.

திருப்பதி வீட்டை வாங்குகிறவர் அதை இடித்து மாடி கட்டலாம், யாத்திரிகருக்கு லாட்ஜாக்கலாம். அது அவருடைய இஷ்டம். ஆனால் அடுத்த கிறிஸ்துமஸுக்கு மூன்று பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்களா என்பது, இன்று சாவியைப் பிடித்திருக்கிற உங்கள் கையில் இருக்கிறது. கர்த்தர்தாமே அதற்கேற்ற உத்தமத்தையும் ஞானத்தையும் உங்களுக்கு அருளிச்செய்வாராக. ஆமென்.